ஒன்றரை அடிக் குழாய்

மழை விட்டு, வெயிலும் அடித்து, அப்படியும் தோட்டத்துத் தண்ணீர் இறங்கவில்லை என்றால் அதற்கு மேல் மழையைத் திட்டிப் பயனில்லை. கீழே எவனோ அடைத்து வைத்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். பொன்னுத்தாய் அப்படித்தான் நினைத்தாள். அந்த எவன் யாரென்றும் அவளுக்குத் தெரியும். வேறு யாருமில்லை, அவள் புருஷன் முருகானந்தத்தின் கூடப்பிறந்த அண்ணன் அழகிரிதான்.

ஜீயபுரத்துக்குக் கிழக்கே, ரோட்டை ஒட்டியே ஒரு வடிகால் போகிறது. மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக் கடைசியில் காவிரியில் விழும். ரோட்டுக்கும் தோட்டங்களுக்கும் நடுவில் அது கிடப்பதால், தோட்டத்துக்குள் வண்டி போக ஆளுக்கொரு பாலம் வேண்டியிருக்கிறது. பாலம் என்றால் பெரிய கட்டுமானம் ஒன்றும் இல்லை. வடிகாலின் குறுக்கே சிமெண்டுக் குழாயைப் படுக்கப் போட்டு, இரண்டு பக்கமும் கல் கட்டி, மேலே மண்ணைக் கொட்டி இறுக்கிவிட்டால் பாலம். வண்டிகள் மேற்கேயிருந்து வருவதால் எல்லாருடைய பாலமும் தோட்டத்தின் மேற்கு மூலையிலேயே இருக்கும். அதனால் அவரவர் பாலம் அவரவர் தண்ணீரைத் தடுக்காது, மேல்தோட்டத்துத் தண்ணீரைத்தான் தடுக்கும். இந்த விஷயம் மேல்தோட்டத்துக்காரருக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

பொன்னுத்தாயின் தோட்டத்துக்குக் கீழே அழகிரியின் தோட்டம். மேலே, பாலு என்பவனின் பெண்டாட்டி ஜோதி அங்கேயே குடியிருந்து பார்த்துக்கொள்கிற தோட்டம். பாலு திருவெறும்பூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வருவான். ஜோதிக்கும் மேலே, தலைமாட்டில், பெரியவர் அமிர்தசாமி. அவருக்கும் மேலே முன்பு நெல் வயலாகக் கிடந்தது. இப்போது மண் கொட்டி மேடாக்கி, மஞ்சள் கல் நட்டு, மனை போட்டிருக்கிறார்கள்.

அன்றைக்குக் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் தோட்டத்துக்குள் இறங்கியபோது தண்ணீர் முழங்கால் வரைக்கும் நின்றது. எல்லாம் பூவன் வாழை. தார் தள்ளி முக்கால் பருவத்தில் நின்றது. பொங்கலை ஒட்டி வெட்டுகிற கணக்கில் நட்டது. வாழை தண்ணீர் கேட்கிற பயிர்தான். ஆனால் கேட்டதைக் குடித்துவிட்டு மிச்சம் ஓடிவிட வேண்டும். நின்றால் வேர் மூச்சுமுட்டிப் போகும். அடி இலைகள் மஞ்சள் கட்டியிருந்தன. தார் கனத்தில் சாய்ந்த மரங்களுக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருந்தார்கள். சேறு இளகிப்போனதால் கம்பே சாய்ந்து, அதற்கு ஒரு முட்டு வேண்டியிருந்தது. முருகானந்தம் ஒரு மரத்தடியில் கையை விட்டுக் கிளறி ஒரு வேரை இழுத்தான். தோல் உரிந்து கையோடு வந்தது. மோந்து பார்த்துத் தூக்கி எறிந்தான்.

"என்னங்க?"

"நாத்தம் வந்துருச்சு."

"எல்லாத்துக்குமா?"

"ஒன்னத்தான் இழுத்துப் பாத்தேன். எல்லாத்தையும் இழுத்துப் பாத்தா மரம் நிக்குமா?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. போன வருஷம் சித்திரைக் காற்றில் பாதித் தோட்டம் ஒடிந்து விழுந்தபோது அவன் சத்தம் போட்டான், வானத்தைத் திட்டினான், இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கன்று தோண்டப் போய்விட்டான். இந்தத் தடவை அமைதியாக இருக்கிறான்.

"இதுவும் போச்சுன்னா விட்டுர்றலாம் பொன்னுத்தாயி. மனைக்காரன் நேத்தும் போன் பண்ணான். மேல வயல வாங்குன அதே ஆளுதான். திருவெறும்பூர்ப் பக்கம் கம்பெனியில வாட்ச்மேனுக்குக் கேக்குறாங்களாம். உக்காந்துக்கிட்டே சம்பளம்."

"மண்ண வித்துட்டு உக்காரப் போறீங்களாக்கும்."

"நின்னு என்னத்தக் கண்டோம்?"

தோட்டம் போனால் இவன் போய்விடுவான், இவன் போனால் தானும் ஒரு வாடகை வீட்டுக் குழாயடியில் குடத்தோடு நிற்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. விறுவிறுவென்று கரையேறி, ஈரச் சேலையைக்கூடப் பிழியாமல் அழகிரி வீட்டுக்கு நடந்தாள்.

அழகிரியின் வீடு தோட்டத்துக்குள்ளேயே மேடான இடத்தில் இருக்கிறது. மச்சாண்டாரோடு பொன்னுத்தாய் நேருக்கு நேர் பேசுவதில்லை. அந்தக் குடும்பத்தில் தம்பி பெண்டாட்டி புருஷனின் அண்ணனிடம் பேசும் வழக்கம் கிடையாது. நல்லது கெட்டது எதுவானாலும் ஓரகத்தி வெள்ளையம்மாளிடம் சொல்ல வேண்டும், அவர் கேட்டுக்கொள்வார். சண்டை போடுவதானாலும் அப்படித்தான்.

வெள்ளையம்மாள் அடுப்படியில் பீர்க்கங்காயை இரண்டாம் முறையாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். சிறுநீரகம் கெட்டு இரண்டு வருஷமாகிறது. வாரத்தில் இரண்டு நாள் ஆட்டோ வைத்து டவுனுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். வாழைத் தோட்டத்துக்கு நடுவில் குடியிருந்துகொண்டு பழம், பூ, தண்டு எதையும் வாயில் வைக்கக் கூடாது, மற்ற காயையும் இப்படி வடித்துத்தான் தின்ன வேண்டும். தண்ணீர்கூட நாளைக்கு ஒரு சொம்புதான். வீட்டைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரைக்கும் தண்ணீர் நிற்க, அவள் நாக்கை ஈரப்படுத்துகிற அளவுக்கு ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளரை மூடி வைத்தாள். அழகிரி வாசலில் அரிவாளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார்.

"வா பொன்னுத்தாயி. கஞ்சி குடிக்கிறியா? உப்பு இல்லாமத்தான் இருக்கும்."

"கஞ்சி குடிக்க வரலக்கா. நான் ஒங்ககிட்ட எதையும் கேக்கல. கேக்க வேண்டியவங்க காதுல விழட்டும்னு சொல்றேன். எந் தோட்டத்துல வேரு அழுகுது. அந்தப் பாலத்த ரெண்டே ரெண்டு நாளைக்கு ஒடச்சு விடக் கூடாதா? தம்பி தோட்டம் முங்கிப் போறதப் பாத்துக்கிட்டு ஒருத்தர் அரிவாளு தீட்டிக்கிட்டு இருக்கலாமா?"

அழகிரி தலை நிமிராமல் பெண்டாட்டியிடம் சொன்னார். "எந் தோட்டம் மட்டும் காஞ்சா கெடக்குன்னு கேளு அவள. எனக்கும் தொடை வரைக்கும் நிக்கிது. எம் பாலத்த ஒடச்சா அவ தண்ணியும் சேந்து எந் தலையில எறங்கும். எனக்குக் கீழ இருக்குறவன் ஒடச்சானா? அவனுக்குக் கீழ இருக்குறவன் ஒடச்சானா?"

"எல்லாரும் அடுத்தவங்களையே கை காட்டுனா எப்படிக்கா?"

"அதுவும் போவட்டும். வெள்ளிக்கெழம ஆட்டோ எங்க வந்து நிக்கும்? இவளத் தோள்ல தூக்கிக்கிட்டு வடிகால்ல எறங்கவா? கேளு அவள."

"என்னைய ஏங்க நடுவுல இழுக்குறீங்க" என்றாள் வெள்ளையம்மாள். வடித்த காயில் துளி எண்ணெய் விட்டுக் கிளறினாள். பொன்னுத்தாய் வந்த வேகத்தில் திரும்பினாள். வழியெல்லாம் மச்சாண்டாரை வாய்விட்டுத் திட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் வெள்ளையம்மாளின் வீங்கிய கால் கண்ணுக்குள்ளேயே நின்றது, திட்டுக்குக் காரம் ஏறவில்லை.

பகலில் இரண்டு பேர் வந்தார்கள். துவாக்குடிப் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் ஆராய்ச்சி செய்கிற சுபஸ்ரீ, பிலோமின்ராஜ். கோடையில் வடிகால் வறண்டு கிடந்தபோதே தலையிலிருந்து கடைசி வரைக்கும் டேப் பிடித்து அளந்துகொண்டு போனவர்கள். அப்போது பொன்னுத்தாய்தான் மோர் கொடுத்தாள். மனிதர்கள் செய்கிற காரியமெல்லாம் கூட்டாகச் சேர்ந்து ஒரு நீர்ப்பிடிப்பை என்ன செய்கிறது என்று பார்ப்பதாக அந்தப் பெண் சொன்னாள். இவளுக்குப் பாதி புரிந்தது. இப்போது வெள்ளத்தில் தண்ணீர் எங்கெங்கே எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார்கள். முருகானந்தம், அழகிரி, ஜோதி என்று ஒவ்வொருவராகப் பொன்னுத்தாயின் பாலத்தில் வந்து கூடினார்கள். பெரியவர் அமிர்தசாமியும் குடையை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"படிச்சவங்க நீங்களே சொல்லுங்கம்மா" என்றாள் பொன்னுத்தாய். "எந் தோட்டம் முங்குனதுக்கு யாரு காரணம்? ஒரே ஒரு பேரு சொல்லுங்க."

சுபஸ்ரீ தயங்கினாள். "ஒரு பேரு சொல்ல முடியாதுங்கக்கா."

"பெரிய எடமா? பயப்படாமச் சொல்லுங்க."

"அப்படி இல்லக்கா. மேல வயலா இருந்தப்ப மழத் தண்ணி அங்கயே நின்னு மெதுவா எறங்கும். மனையானதும் விழுந்த தண்ணி அப்பவே கீழ வந்துருது. வடிகால்ல தார் வெட்டுன மரத்தையெல்லாம் தள்ளுறீங்க. வீட்டு சாக்கடத் தண்ணி விழுது, அதுல ஆகாயத்தாமரை கொழுத்துப் போகுது. அதுக்கப்புறம் இந்தக் குழாய்ங்க. தனித்தனியாப் பாத்தா ஒன்னொன்னும் சின்னதுதான். இதுல எது ஒன்னு மட்டும் இருந்திருந்தாலும் ஒங்க தோட்டம் முங்கியிருக்காது."

"குழாய் என்னம்மா பண்ணுச்சு? எல்லாம் ஒரே அளவுதானே" என்றார் அழகிரி.

"அதாங்க தப்பே" என்றான் பிலோமின்ராஜ்.

எல்லாம் ஒன்றரை அடிக் குழாய். இதில் அந்தப் பக்கத்துக்காரர்கள் ரொம்பக் கண்டிப்பு. முதலில் பாலம் போட்டவர் அமிர்தசாமி. தலைமாட்டில் அந்தக் காலத்தில் வந்த தண்ணீருக்கு ஒன்றரை அடி தாராளம். அடுத்து பாலுவின் அப்பா போட்டபோது அமிர்தசாமியுடையதை அளந்து பார்த்து அதே அளவு வாங்கினார். அதைவிடச் சின்னதாகப் போட்டால் கேவலம், பெரிதாகப் போட்டால் பெரியவரை மிஞ்சுகிற திமிர். அப்படியே ஒவ்வொருவராக, மேலே இருப்பவனைப் பார்த்து, விரல்கடை பிசகாமல் கடைசி வரைக்கும் போட்டுக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தோட்டத்துத் தண்ணீரும் சேரச் சேரக் கீழே போகிற தண்ணீர் பெருத்துக்கொண்டே போகும், குழாயும் பெருக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மரியாதையாக நடந்துகொண்டதில்தான் எல்லாரும் முங்கியிருந்தார்கள்.

அமிர்தசாமி குடையின் முனையால் மண்ணைக் கிளறினார். "நான் எனக்குப் போட்டேன்ப்பா. அத அளந்து பாருன்னு நான் யாருகிட்டயும் சொல்லல."

"ஒங்கள யாரும் குத்தம் சொல்லலங்க" என்றான் பிலோமின்ராஜ். "இப்போதைக்குப் பாலத்தையெல்லாம் ஒடச்சு விட்டாத்தான் தண்ணி எறங்கும். ஆனா கடைசியில இருந்து ஆரம்பிச்சு மேல வரணும். நடுவுல ஒன்ன மட்டும் ஒடச்சா அவருதான் முங்குவாரு."

"எல்லாரும்தான் காரணம்னா நான் யாரு வீட்டு வாசல்ல போயி நியாயம் கேக்குறது?" என்றாள் பொன்னுத்தாய். ஒரு ஆள் இருந்தால் காலில் விழலாம், இல்லாவிட்டால் மண்ணை வாரித் தூற்றலாம். இவர்கள் அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

"ஒங்க பாலமும் இதுல ஒன்னுதாங்கக்கா" என்று சுபஸ்ரீ மெதுவாகச் சொன்னாள்.

"எம் பாலம் யார என்ன பண்ணுச்சு?"

ஜோதி தன் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிந்தி நட்ட வாழை, இடுப்பு உயரம்கூட வரவில்லை. தண்ணீருக்கு மேல் குருத்துகள் மட்டும் தெரிந்தன. பொன்னுத்தாய் அதை தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அது பள்ளமான தோட்டம், அதனால் நிற்கிறது என்று நினைத்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் அழகிரி கீழ்த்தோட்டக்காரர்களை எல்லாம் பார்த்துப் பேசினார். பேசினார் என்றால் பாதி கெஞ்சல், பாதி மிரட்டல். ஜேசிபி ஓட்டுகிற ரெஜிஸ் மறுநாள் பகல் முழுக்க வருவதாக ஒத்துக்கொண்டான். பொழுது சாய்ந்தால் முத்தரசநல்லூர்ப் பக்கம் போக வேண்டும், அங்கேயும் ஊர் முங்கிக் கிடக்கிறது, திரும்ப எப்போது வருவேன் என்று சொல்ல முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

காலையில் வெள்ளையம்மாள் ஒரு கட்டைப்பையில் இரண்டு சேலையும் மாத்திரை டப்பாவும் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி ஆட்டோவில் ஏறினாள். ஸ்ரீரங்கத்தில் மூலத்தோப்பில் அவள் தங்கை வீடு இருக்கிறது. இரண்டு அறை, அதில் ஆறு பேர். பொன்னுத்தாய் ஓடிப்போய் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் ஒங்கள வீட்ட விட்டுப் போகச் சொல்லிக் கேக்கலக்கா."

"நீ கேட்டா நான் போவேனாக்கும்? அங்கயிருந்து ஆஸ்பத்திரி கிட்டக்க. பாலம் திரும்பப் போடுற வரைக்கும் இருந்துட்டு வரேன். ஒங்க மச்சாண்டாருக்கு ஒரு வாய் சோறு குடுத்துரு. தண்டு வேணாம்னுவாரு. எனக்கில்லாதது அவருக்கு எறங்காது." அவள் சிரித்தாள். முகம் ஊதியிருந்ததில் சிரிப்பு கோணலாக வந்தது. ஆட்டோ போனபின் அழகிரி ரெஜிஸுக்குப் போன் போட்டார்.

ஜேசிபி கடைசித் தோட்டத்திலிருந்து தொடங்கி ரோட்டு மேலேயே ஊர்ந்து வந்தது. ஒவ்வொரு பாலமாகக் கொத்தி, மண்ணை அள்ளி, குழாயைத் தூக்கிக் கரையில் போட்டது. அழகிரியின் பாலம் உடைந்ததும் வடிகால் உறுமிக்கொண்டு ஓடியது. பொன்னுத்தாயின் தோட்டத்தில் தண்ணீர் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. மரத்தடியில் சேற்றுக்கோடு போட்டுவிட்டு முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு வந்தது. முருகானந்தம் ஒரு வரிசை முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்தான். பெண்டாட்டியின் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.

"பாதிக்கு மேல சாஞ்சு போச்சு. நிக்கிறது தேறுனாத்தான் உண்டு. சாஞ்சத இன்னைக்கே வெட்டுனா முக்கால் காயாவது விலைக்குப் போகும். வியாபாரிகிட்டப் பேசிட்டேன், நாளைக்குக் காலையில வண்டி அனுப்புறான்."

"வண்டி எப்படி வரும்? அதுக்குள்ள நம்ம பாலம்..."

"அதாண்டி சொல்றேன். நம்ம பாலம் ஒரு நாள் இருக்கட்டும். ஒரே ஒரு நாள். நமக்குத் தண்ணி எறங்கிருச்சுல்ல?"

அவன் சொன்னது தப்பென்று அவளால் சொல்ல முடியவில்லை. தாரைத் தலையில் சுமந்து வடிகாலில் இறங்கி ஏறினால் சீப்பு உதிரும், அடிபட்ட காயை வியாபாரி கையால் தொடமாட்டான். இந்தத் தார்தான் கடைசி. இது வண்டி ஏறினால் அடுத்த நடவுக்கு வாய்ப்பு இருக்கிறது, ஏறாவிட்டால் மனைக்காரன் போனை எடுக்க வேண்டியதுதான். அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு சாய்ந்த மரங்களை வெட்டப் போனாள். இருவரும் மதியச் சோறு தின்னாமல் வெட்டினார்கள். தார்களைப் பாலத்துப் பக்கமாக மேட்டில் இலை பரப்பி அடுக்கினார்கள்.

வழியில் அடைந்த வாழைமரத்தையும் ஆகாயத்தாமரையையும் வாரிப் போட்டுவிட்டு, வெயில் இறங்குகிற நேரத்துக்கு ஜேசிபி அவர்கள் பாலத்துக்கு வந்து நின்றது. ரெஜிஸ் எஞ்சினை அணைக்காமலே எட்டிப் பார்த்தான். "ஒடச்சுறலாமாக்கா?"

முருகானந்தம் முன்னால் போனான். "தம்பி, நாளைக்குக் காலையில..."

"நாளைக்கு நான் இங்க இல்லண்ணே. சொன்னேன்ல?"

பொன்னுத்தாய் சுற்றிலும் பார்த்தாள். அழகிரி ரோட்டோரம் குந்தியிருந்தார். மேலே ஜோதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொடையளவு தண்ணீரில், குருத்துகளுக்கு நடுவில் நின்றாள். யாரும் பொன்னுத்தாயை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். சொல்ல நியாயம் இருந்தது. மரத்தை இழந்தவளுக்குத் தாரும் கூடாதா என்று கேட்டிருப்பாள். அழகிரிதான் எழுந்து வந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஒடைக்க வேணாம்னா வேணாம்மா. நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மூலத்தோப்பில் ஏதோ ஒரு மூலையில் கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வெள்ளையம்மாளை நினைத்து அவமானமாக இருந்தது. பொன்னுத்தாய் ரெஜிஸைப் பார்த்துக் கையசைத்தாள்.

"ஒடைங்க தம்பி."

"பொன்னுத்தாயி" என்றான் முருகானந்தம். மேட்டில் தார்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான்.

பாலம் போன வேகத்தில் ஜோதி தோட்டத்துத் தண்ணீர் பாய்ந்து வந்தது. வடிகால் நிரம்பித் தளும்பி, பொன்னுத்தாயின் தோட்டத்து ஓரத்திலும் ஏறியது. காலையில் சேறாகத் தெரிந்த வரிசைகளில் இரண்டு மறுபடியும் முங்கின. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, ஒரு தாரைத் தூக்கிக்கொண்டு வடிகாலில் இறங்கினாள். இடுப்புக்கு மேல் தண்ணீர் இழுத்தது. ஒரு கையால் தாரையும் ஒரு கையால் கரைப் புல்லையும் பிடித்து ரோட்டில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள். இரண்டாவது தாருக்கு அழகிரி வந்து கைகொடுத்தார். மூன்றாவதில் முருகானந்தமும் எழுந்து வந்தான். சீப்புகள் உதிர்ந்து வடிகாலோடு போயின.

மேலே ஜோதியின் தோட்டத்தில் வாழைக் கன்றுகள் அடி வரைக்கும் தெரிய ஆரம்பித்தன. ஜேசிபி உறுமிக்கொண்டு ஜோதியின் பாலத்துக்குப் போய் நின்றது. அதற்கும் அப்பால் அமிர்தசாமியின் தோட்டம் ஏரியாகக் கிடந்தது. அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெஜிஸ் கேட்டது எஞ்சின் சத்தத்தில் இந்தப் பக்கம் காதில் விழவில்லை. ஜோதி வண்டியைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள். பிறகு ஓட்டமாக இறங்கி, தலையில் தாரோடு நடு வடிகாலில் நின்ற பொன்னுத்தாயிடம் வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. முகத்தைப் பார்க்க முடியாமல் தாரைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா, என் நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருக்கா. இன்னைக்கோ நாளைக்கோன்னு நர்சம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. அவரும் ஊர்ல இல்ல. திடீர்னு வலி எடுத்தா கார் எங்கக்கா வரும்? ஒரு ரெண்டு நாளு மட்டும் எங்க பாலம் இருக்கட்டும்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லுங்கக்கா. நான் சொன்னா நல்லா இருக்காது."

பொன்னுத்தாய்க்குக் கோபம் வரவேண்டும். வந்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. தண்ணீர் இடுப்பைத் தள்ளத் தள்ளக் காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். தலையில் தார் கனத்தது. ஜோதி சொல்வது முழுக்க நியாயமாகவே இருந்தது.